என் கையில் நேராகப் போகும் அம்பு

காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க தம்பி. இல்ல, மேல வைக்க மாட்டேன். கண்டக்டரும் அதத்தான் சொன்னாரு. இந்த வண்டி குலுங்குற குலுக்குல ஒண்ணு மேல ஒண்ணு ஒரசுச்சுன்னா இறகு மடங்கிப்போகும். மடியிலயே இருக்கட்டும். உங்க மேல இடிச்சாச் சொல்லுங்க, திருப்பி வச்சுக்கிறேன்.

தூண்டில் இல்ல தம்பி. அம்பு. நெச அம்புதான், எதுக்குச் சிரிக்கிறீக? இந்த மஞ்சத் துணிக்குள்ள மூணு அம்பு இருக்கு. எங்க ஊரு அம்மனுக்கு விஜயதசமி அன்னைக்கு அம்பு போடுற திருவிழா. திடல்ல ஒரு வாழமரத்த நட்டு, அதுதான் அசுரன்னு வச்சு, அம்மன் பேரச் சொல்லி எங்க குடும்பத்து ஆம்பள ஒருத்தர் அம்பு விடணும். மொத அம்பு மரத்துல தைக்கணும். தைச்சாத்தான் கம்மாய் நெறையும்னு ஊரு நம்புது. அந்த அம்பப் பாத்து எடுத்து, பதம் பண்ணிக் குடுக்குறது நான். எங்க பக்கம் வந்து அழகுமலைன்னு கேட்டாப் பச்சப்புள்ள கூட வீட்டக் காட்டும்.

இப்ப மருமகளக் கூட்டியாரப் போறேன். நாகஜோதின்னு பேரு. கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்ல போய் ஒக்காந்திருக்கா. நாளைக் கழிச்சுத் திருவிழா. இந்த வருசம் அம்பு விடப்போறது எம் மகன் பூமிநாதன். அம்பு விடுறவன் பொண்டாட்டி மரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கணும், அது மொற. அவ வரலைன்னாத் திருவிழாவே இல்ல. அதான் நானே கெளம்பிட்டேன்.

மருமகளக் கூப்பிடப் போறவன் அம்ப எதுக்குத் தூக்கிட்டு அலையிறான்னு தான பாக்குறீக? வீட்ல வச்சுட்டு வந்தா எம் மகன் எடுத்து விட்டுப் பாத்துருவான். பூட்டுப் போட்டாலும் தொறந்துருவான். அதான் கையோட கொண்டாந்துட்டேன்.

விட்டுப் பாத்தா என்னங்கிறீகளா? சரியாப் போச்சு. எம் மருமகளும் அதேதான் கேட்டா. இருங்க, சொல்றேன். உங்களுக்கு எறங்குற எடம் இன்னும் தூரம்தான?

அம்புன்னா ஏதோ குச்சிய வெட்டிக் கூரு வச்சாப் போச்சுன்னு நெனைப்பாக. அது நாடகக்காரன் அம்பு. மூங்கிலத் தை மாசம் வெட்டணும், அப்பத்தான் ஈரம் கம்மியா இருக்கும், பூச்சி விழுகாது. நெழல்ல காயப்போடணும். தணல்ல காட்டிக் காட்டி நிமித்தணும். முன்னயெல்லாம் கழுகு இறகு வப்பாக, இப்பக் கழுகுக்கு எங்க போறது, வான்கோழி இறகுதான். அதுல ஒண்ணும் கொறவில்ல. ஆனா முக்கியமான வேல அதெல்லாம் இல்ல தம்பி. செவத்துல ரெண்டு ஆணி அடிச்சு வச்சிருக்கேன். அது மேல குச்சியப் படுக்கப் போட்டு, நடுவுல ஒரு கல்லக் கட்டித் தொங்கவிட்டு, எது எம்புட்டு வளையுதுன்னு பாக்கணும். கூட வளைஞ்சாலும் ஆகாது, வளையாமலே நின்னாலும் ஆகாது. ஒரு கட்டுக் குச்சி வெட்டுனா ஏழெட்டுத் தேறுனாப் பெரிசு.

எதுக்கு வளையணும்னு கேளுங்க. அம்பு நேராப் போகுதுன்னு தான நெனைக்கிறீக? போகாது. வில்லுக் கட்ட குறுக்க நிக்குதுல்ல. அம்பு அதோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. நாண விட்டவொடனே அம்பு அந்தக் கட்டையச் சுத்தி நெளிஞ்சு வெளிய வந்து, அப்புறம்தான் நேராகும். வெறச்ச அம்பு நெளியாது, எடப்பக்கம் போயிரும். தொவண்ட அம்பு கூடுதலா நெளிஞ்சு வலப்பக்கம் போயிரும். அதுலயும் ஒரு சூச்சுமம் இருக்கு. ஒரே அம்புதான், நீங்க கொஞ்சமா இழுத்தா வெறச்ச அம்பு மாதிரிப் போகும். கூட இழுத்துட்டா, தொவண்ட அம்பு மாதிரிப் போகும்.

எங்கப்பாரு ஆள் வாட்டசாட்டம். எனக்கு, பாக்குறீகள்ல, குட்டக் கை. அவரு செத்த வருசம், அவரு செஞ்சு வச்ச அம்பு இருக்கேன்னு எடுத்தேன். நல்லவேள, திருவிழாவுக்கு முன்னாடிக் கொல்லையில வச்சு விட்டுப் பாத்தேன். அத்தனையும் எடப்பக்கம். ஒண்ணு போயிப் பக்கத்து வீட்டுச் சொரக்காய்ல தைச்சுருச்சு. அந்தப் பொம்பள பேசுன பேச்சு இருக்கே. எல்லாத்தையும் ஒடச்சு அடுப்புல வச்சுட்டு, என் கைக்குத் தக்கனப் புதுசாச் செஞ்சேன். ஒருத்தன் அம்பு இன்னொருத்தனுக்கு ஆகாது தம்பி. செருப்பு மாதிரிதான். இது தெரியாதவனெல்லாம் வில்லத் தொடவே கூடாது.

அதுலருந்து நான்தான் விட்டேன். ஒரு வருசம் தப்புனதில்ல. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் அந்த மொத வருசத்துலருந்தே மரத்துக்கிட்ட நின்னா. விடுறவனுக்கு வலப்பக்கம்தான் நிக்கணும், மஞ்சத்தண்ணிச் செம்பு கையில. அம்பு தைச்சதும் வாழையில சாறு வடியும்ல, அது அசுரன் ரத்தம். தரையில விழுகுறதுக்குள்ள தண்ணிய ஊத்தி அமத்தணும். அதனால தள்ளி நின்னா ஆகாது, எட்டுற தூரத்துல நிக்கணும். ஒரு வருசம் கூட அவ நகந்ததில்ல. கண்ண மட்டும் மூடிக்கிருவா. வீட்டுக்கு வந்தாக் காச்சல் வந்து படுத்துருவா, வருசா வருசம். வெயில்ல நின்னது ஒடம்புக்கு ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல.

போன வருசம் பங்குனியில போயிட்டா. மஞ்சக்காமால. கருமாதி முடிஞ்சு பந்தலப் பிரிக்கல, ஊரு ஆளுக வந்து ஒக்காந்துட்டாக. தாரமிழந்தவன் அம்மன் முன்னாடி நாண் இழுக்கக் கூடாது, இனிமே ஒந் தம்பி சேவுகன்தான் அம்பு விடணும்னாக. எனக்கும் தெரிஞ்ச மொறதான். ஆனாக் கேட்டவொடன எந்திரிச்சு மாட்டுக் கொட்டத்துக்குப் போயிட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, பஞ்சவர்ணம் செத்தப்பக் கூட எனக்கு அப்பிடி அழுக வரல. அங்க நின்னு அழுதேன். அவ கொஞ்சம் பொறுத்து, திருவிழா முடிஞ்சு போயிருக்கக் கூடாதான்னு கூட நெனைச்சேன்.

ஆனா அம்பு பாக்குற மொறைய எங்கிட்டருந்து யாரும் புடுங்க முடியாதுல்ல. அம்பப் பதம் பண்ணி மஞ்சத் துணி சுத்திட்டா, பதம் பண்ணுனவன் கையத் தவிர வேற கை படக் கூடாது. திருவிழா அன்னைக்கு அம்மன் முன்னாடிதான் துணியப் பிரிக்கணும். அது எங்க பாட்டன் பூட்டன் காலத்து மொற. அப்பயெல்லாம் அம்பு பாக்குறவனும் விடுறவனும் ஒரே ஆளு. எங்க தலமொறையிலதான் ரெண்டு ஆளாப் போச்சு. அதுக்காக மொறைய மாத்த முடியுமா?

சந்நிதியிலதான நான் இழுக்கக் கூடாது. எங் கொல்லையில இழுத்தா யாரு கேக்குறது? போன ஆவணி பூராவும் வைக்கக் கட்ட நிறுத்தி வச்சு விட்டு விட்டுப் பாத்தேன். மொதல்ல அம்பு கொஞ்சம் வெறப்பா இருந்துச்சு, எடப்பக்கம் ஒதுங்குச்சு. நுனி இரும்பக் கொஞ்சம் கனமாப் போட்டேன். அப்பயும் ஒரு நூல் ஒதுங்குச்சு. நடுவுல இழைச்சு ஒல்லியாக்குனேன். அப்புறம் பாருங்க, மூணும் ஒரே குழியில. அந்தக் கொல்லையில வில்லோட நிக்கிறப்பத்தான் தம்பி நான் மனுசனா இருந்தேன். மத்த நேரமெல்லாம் பொண்டாட்டி செத்த ஒரு கெழவன், அம்புட்டுத்தான்.

சேவுகன் வந்தான். அவன் எங்கப்பாரு மாதிரி, நெட்டக் கொக்கு, கை மொழங்கால் வரைக்கும் தொங்கும். வந்து வேலிக்கிட்டயே நின்னுக்கிட்டான். மெல்ல, "அண்ணே, நான் ஒரு தடவ விட்டுப் பாத்துக்கிறேண்ணே"ன்னான்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க. வில்லையும் எடுத்துக்கிட்டான், அம்மன் முன்னாடி நிக்கிற எடத்தையும் எடுத்துக்கிட்டான், இப்ப நான் பதம் பண்ணுனத வந்து சோதிக்கிறானாம்.

"அம்பு ஒனக்குப் பழக வேண்டியதில்லடா, நீ அம்புக்குப் பழகு"ன்னேன்.

தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். எதுத்துப் பேச மாட்டான். சின்ன வயசுலருந்தே அப்பிடித்தான். வேற குச்சிய வச்சாவது பழகுவோம்னு ரெண்டு மூணு நாளு கம்மாக்கரையில போயி நின்னிருக்கான். வெறும் குச்சி எங்கிட்டுப் போனா இவனுக்கு என்ன தெரியப் போகுது?

திருவிழா அன்னைக்கு நல்ல கூட்டம். சேவுகன் பொண்டாட்டி ராக்கு செம்போட வந்து நின்னா. கொஞ்சம் தள்ளி நின்னா. நான்தான் போயி, கிட்ட வந்து நில்லு ஆத்தா, தண்ணி எட்டாதுன்னு சொல்லி நகத்தி நிறுத்துனேன். எந் தங்கச்சி மாதிரி அவ. பஞ்சவர்ணம் படுக்கையில கெடந்தப்ப அவதான் கஞ்சி காச்சி ஊத்துனா. நான் துணியப் பிரிச்சு அம்ப எடுத்துக் குடுத்தேன். கொட்டு நின்னுச்சு. சேவுகன் நாண இழுத்தான்.

நான் நெஞ்சு வரைக்கும் இழுப்பேன் தம்பி. அம்புட்டுப் போதும். அவன் காது வரைக்கும் இழுத்துட்டான். இழுக்குறத நான் பாத்தேன். ஆத்தாடி, கூடப் போச்சேன்னு வாயில வந்துச்சு. ஆனா அம்மன் முன்னாடி அம்பு ஏறுனப்புறம் யாரும் பேசக் கூடாது. அதுவும் மொற.

அம்பு வலப்பக்கம் போயிருச்சு.

ராக்குவுக்கு வயித்துக்கு மேல, இங்க. செம்ப அவ விடல. ரெண்டு கையாலயும் பிடிச்சபடியே மடங்கி ஒக்காந்தா. எல்லாரும் அவகிட்ட ஓடுனாக. நானும்தான் ஓடுனேன். ஆனா எங் கண்ணு அம்பத்தான் பாத்துச்சு. பொளந்திருக்கான்னு பாத்தேன், இறகு பிரிஞ்சிருக்கான்னு பாத்தேன். ஒரு கீறல் இல்ல தம்பி. நான் குடுத்தது குடுத்த மாதிரியே இருந்துச்சு. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சுருச்சு. போலீஸ் வந்து விசாரிச்சு விபத்துன்னு எழுதிக்கிட்டாக. அந்த அம்ப அவுக கொண்டு போயிட்டாக. மிச்சம் ரெண்டும் எங்கிட்ட இருந்துச்சு. எல்லாம் ஒரே மூங்கிலு, ஒரே தணல்ல நிமித்துனது. மறுநாளு காலையில, அங்க பொணம் எடுக்குறதுக்கு முன்னாடி, நான் கொல்லைக்குப் போயி ரெண்டையும் விட்டுப் பாத்தேன். அதே வில்லு. ரெண்டும் நடுவுல போயித் தைச்சுச்சு. என் கையில நேராப் போகுது தம்பி. அப்பத் தப்பு யாருது? நீங்களே சொல்லுங்க.

ஏன் தம்பி தள்ளி ஒக்காருறீக?

காத்து அடிச்சிருக்கலாம். இல்ல, ராக்கு வெரதம் ஒழுங்கா இருந்தாளோ என்னமோ, அதெல்லாம் யாருக்குத் தெரியும். அம்மன் கணக்கு நமக்குப் புரியாது. சேவுகன் அன்னையிலருந்து எங்கூடப் பேசுறதில்ல. யாரு கூடயும் பேசுறதில்ல. வயலுக்குப் போறதில்ல, செவத்தப் பாத்துப் படுத்தே கெடக்கான். புள்ளைகள அம்மாச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன், கூட இழுத்துட்டடா, அளவா இழுத்திருக்கணும்னு. கேக்கல. நானாப் போயிச் சொல்ல முடியுமா, பொண்டாட்டியப் பறிகுடுத்தவன்கிட்ட.

இப்ப அவனும் தாரமிழந்தவன். அவனும் வில்லத் தொடக் கூடாது. எங்க குடும்பத்துல அடுத்த ஆம்பள எம் மகன்தான், அவனுக்கோ அப்பக் கல்யாணமாகல. ஊர்ல அம்பு நின்னுபோச்சுங்கிற பேரு எங்காலத்துல வரக் கூடாதுன்னு, இந்த வைகாசியிலயே பொண்ணப் பாத்து முடிச்சேன். நாகஜோதி நல்ல புள்ள. வேலையில சுறுசுறுப்பு, மாமா மாமான்னு சுத்தி வருவா. எனக்குச் சோறு போட்டுட்டுத்தான் அவ சாப்பிடுவா. திருவிழா விசயத்தப் பொண்ணு பாக்கப் போனப்பச் சொல்லல. மறைச்சேன்னு சொல்லாதீக, அவுக கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

எவளோ தண்ணி பிடிக்கிற எடத்துல ராக்கு செத்த கதைய ஓதி விட்டிருக்கா. வந்து எம் முன்னாடி நின்னா. அழுகல, சத்தம் போடல. அழுதிருந்தாக் கூட ஆறுதல் சொல்லியிருப்பேன்.

"மாமா, அவுக அந்த அம்ப ஒரே ஒரு தடவ வைக்கக் கட்டுல விட்டுப் பாக்கட்டும். அது எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிறேன். நேராப் போச்சுன்னா நீங்க சொல்ற எடத்துல வந்து நிக்கிறேன்"னா.

கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு அர்த்தம் என்ன? நான் பதம் பண்ணுன அம்பு மேல நம்பிக்க இல்லன்னு தான அர்த்தம். நான்தான் ராக்குவக் கொன்னேன்னு தான அர்த்தம். நேத்து வந்த புள்ள எம் மூஞ்சிக்கு நேரா நின்னு அதச் சொல்றா. மொறன்னா மொறதான், வேற கை படக் கூடாதுன்னுட்டேன். மறுநாளு காலையில பஸ் ஏறிட்டா.

எம் மகன் இருக்கானே, அவன் அதுக்கு மேல. அவனும் சித்தப்பன் மாதிரியே வளத்தி, அதே நீளக் கை. கை நீளமா இருந்து என்ன செய்ய, நெஞ்சு இல்லையே. ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில கேக்குறான், "மரத்தப் பாக்காம வானத்தப் பாத்து விட்டுட்டா என்னப்பா ஆகும்?"னு. கை ஓங்கி அறைஞ்சுட்டேன். தோளுக்கு மேல வளந்த புள்ளைய அறைஞ்சது இதுதான் மொத தடவ. கம்மாய் பூராவும் போன வருசம் காஞ்சு கெடந்துச்சு. இந்த வருசமும் மரத்துல தைக்கலைன்னா ஊரு எங்களைய என்ன பேசும்னு அவனுக்குத் தெரிய வேணாமா?

ஆனா நான் என் வேலையில கொற வைக்கல தம்பி. போன வருசத்து ரெண்டு அம்பையும் ஒடச்சுப்போட்டு, புதுசா மூங்கில் வெட்டுனேன். இன்னும் பாத்துப் பாத்து இழைச்சேன். ஒரு மாசமா நானே விட்டுப் பாத்தேன். இந்த மூணும் என் கையில போற அழகு இருக்கே, ஒங்களக் கூட்டிப் போயிக் காட்டணும்.

நாகஜோதி வந்துருவா. சம்பந்திகிட்டப் போன் போட்டுப் பேசிட்டேன். அம்மன் காரியத்துக்கு ஒம் மக வரலைன்னா ரெண்டு ஊர்லயும் நம்ம ரெண்டு பேரும் தல நிமித்த முடியாதுன்னேன். நல்ல மனுசன். நீங்க வாங்க, அனுப்பி வைக்கிறேன்னாரு. அவங்கம்மாதான் பின்னால ஏதோ கத்திக்கிட்டு இருந்துச்சு. பொம்பளைக அப்பிடித்தான்.

கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க தம்பி, அந்தா அந்தப் புளியமரத்துக்கிட்ட நிறுத்தச் சொல்லி. அந்தா நிக்கிறா பாருங்க எம் மருமக. பச்சச் சேல. பையோட வந்து நிக்கிறா. பக்கத்துல அவ அப்பா, கையப் பிடிச்சிருக்காரு பாருங்க, கொழந்தையப் பிடிக்கிற மாதிரி. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. கோவமெல்லாம் வீட்டுக்கு வந்தாச் சரியாப் போயிரும்.

வரேன் தம்பி. முடிஞ்சா நாளைக் கழிச்சு வாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல. முன்னாடி எடம் பிடிச்சுத் தாறேன். இந்த வருசம் அவள இன்னும் ஒரு மொழம் மரத்துக்குக் கிட்ட நிறுத்தப் போறேன். போன வருசம் அப்பிடி ஆனதுக்கு, இப்பத் தள்ளி நிறுத்துனா, அழகுமலைக்கே அவன் அம்பு மேல நம்பிக்க போயிருச்சுன்னு ஊரு பேசும்ல.